மூன்றாம் செவி: குற்ற நாடகத் தொடர்களின் சம்பாஷணைக் காட்சிகள்

குற்றத்தைப் பொருளாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் என்றவுடன் துப்பாக்கியும் துரத்தலும் நள்ளிரவுத் தெருவில் கிடக்கும் பிணமுமே மனக்கண்முன் வந்து நிற்பது இயல்பே ஆயினும், அத்தகைய தொடர் ஒன்றைப் பார்த்து முடித்துப் பல ஆண்டுகள் கழிந்தபின் அதன் ரசிகர்கள் இருவர் சந்தித்தால், எந்தக் கொலையை எந்த அத்தியாயத்தில் யார் செய்தார் என்பதில் தடுமாறுகிறவர்கள்கூட, இரண்டு பாத்திரங்கள் ஒரு மேஜைக்கு இருபுறமும் அமர்ந்தோ மாடி முகப்பில் சாய்ந்து நின்றோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட சில நிமிஷங்களை மட்டும் பிசகில்லாமல் ஒப்பிக்கக் காண்கிறோம். வசனம் அழகாக எழுதப்பட்டிருந்தது, நடிகர் திறமையாக நடித்தார் என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் குடும்பக் கதைகளிலும் காதற்கதைகளிலும் அழகான வசனத்துக்கும் திறமையான நடிப்புக்கும் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அவை மறந்துபோக இவை மட்டும் நிலைத்து நிற்பானேன்?

என் அபிப்பிராயம் இது: சாதாரண வாழ்க்கையில் இருவர் பேசினால் கேட்பவரும் அந்த இருவரே, குற்றத்தின் உலகத்தில் இருவர் பேசும்போது மூன்றாவது செவி ஒன்று எப்போதும் விழித்திருக்கிறது. அது தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்கும் போலீஸாக இருக்கலாம். விசாரணை அறையின் ஒருபுறக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் மேலதிகாரியாக இருக்கலாம். நியாயஸ்தலத்தில் ஜூரியாகவோ, மேஜைமேல் ஓடும் ஒலிப்பதிவுக் கருவியாகவோ, அந்த இடத்திலேயே இல்லாத எஜமானனாகவோ இருக்கலாம். அந்தச் செவிக்குப் பயந்தும், சில வேளைகளில் அதை ஏமாற்றவும், அபூர்வமாக அதை உத்தேசித்தே உரக்கச் சொல்லவும் வேண்டியிருப்பதால், இங்கே பேசுகிறவன் தன் வாயிலிருந்து புறப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை கொடுக்கிறான். அந்த விலை நமக்குத் தெரிகிற காட்சிகளே நினைவில் தங்குகின்றன என்பதை, பால்டிமோர் நகரத்தைக் களமாகக் கொண்ட 'தி வயர்' என்னும் தொடரை முக்கிய சாட்சியாக வைத்து ஆராயலாம் என்று கருதுகிறேன். ஆனால் அந்தத் தொடர் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை; அதன் மூதாதையரையும் சற்றுப் பார்த்துவிட்டு வருவோம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் போலீஸ் பேச்சுக்கு முதன்முதலில் ஒரு தனி ஓசையைக் கொடுத்தவர் ஜாக் வெப். 1949-ல் வானொலியிலும் 1951-ல் தொலைக்காட்சியிலும் தொடங்கிய அவருடைய 'டிராக்னெட்', லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் இலாகாவின் கோப்புகளிலிருந்து கதைகளை எடுத்துக்கொண்டு, பெயர்களை மாத்திரம் மாற்றி, அவற்றை உணர்ச்சியே இல்லாத வறண்ட தொனியில் சொல்லிற்று. நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்து மெருகேற்றிவிடக் கூடாது என்று எண்ணி, கண்ணெதிரே ஓடும் எழுத்துத் திரையைப் பார்த்து வாசிக்கும்படி வெப் ஏற்பாடு செய்திருந்தார். உண்மையை மட்டும் சொல்லும்படி துப்பறிவாளர் ஒரு பெண்மணியைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் அந்தத் தொடரின் முத்திரையாக உலகமெங்கும் பரவியிருக்கிறதே, அந்த வாசகம் அந்த உருவத்தில் தொடரில் வரவேயில்லை. 1953-ல் வெளிவந்த ஒரு கேலி இசைத்தட்டின் பிரபாவத்தால் ஜனங்களுடைய நாவில் ஏறியது. புகழ்பெற்ற வசனங்களுள் சிலவற்றை ரசிகர்களே எழுதிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

பிறகு வந்த 'கொலம்போ'வின் சங்கதியே வேறு. ரிச்சர்ட் லெவின்ஸன், வில்லியம் லிங்க் என்ற இரட்டையர் படைத்து, 1968-ல் ஒரு தொலைக்காட்சிப் படமாகவும் 1971 முதல் தொடராகவும் வந்து, பீட்டர் ஃபாக்கின் கசங்கிய மழைக்கோட்டினால் சிரஞ்சீவியாகிவிட்ட அந்தத் துப்பறிவாளர், தாஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் நீதிபதி போர்ஃபிரி பெத்ரோவிச்சின் வாரிசு. கொலையாளி யார் என்பதைத் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுவதால், அவனும் கொலம்போவும் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு வார்த்தையையும் நாமே மூன்றாம் செவியாக இருந்து கேட்கிறோம். அவன் எங்கே இடறுவான் என்று காத்திருக்கிறோம். விடைபெற்றுக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டு, இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று திரும்பிவரும் அந்தப் பழக்கம், காட்சியைத் தட்டச்சு செய்து முடித்தபின் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று என்று கண்ட ஆசிரியர்கள், முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்கச் சோம்பல்பட்டுச் சேர்த்த ஒட்டு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சோம்பலினால் இலக்கியத்துக்கு விளைந்த நன்மைகளைப் பற்றி யாரேனும் தனியே ஓர் ஆராய்ச்சி செய்யலாம்.

எனினும் பால்டிமோருக்கு நேரான பாட்டனார் என்று சொல்லத்தக்கது 1993-ல் தொடங்கி 1999 வரை ஓடிய 'ஹோமிசைட்'. 'பால்டிமோர் சன்' பத்திரிகையின் போலீஸ் நிருபராக இருந்த டேவிட் சைமன், 1988-ஆம் ஆண்டு முழுவதையும் அந்நகரத்துக் கொலை விசாரணைப் பிரிவினரோடு கழித்து, 1991-ல் வெளியிட்ட புத்தகமே அதற்கு மூலம். அதன் முதல் பருவத்தில், டாம் ஃபான்டானா எழுதி எம்மி பரிசும் பெற்ற 'மூன்று மனிதரும் அடீனாவும்' என்ற அத்தியாயம், ஏறத்தாழ முழுமையும் ஒரே விசாரணை அறைக்குள்ளேயே நடக்கிறது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி கொலையுண்டாள். குதிரை வண்டியில் பழமும் காய்கறியும் விற்கும் கிழவர் ஒருவர்மேல் சந்தேகம். அவரை விசாரிக்க இரண்டு அதிகாரிகளுக்குக் கிடைத்திருப்பது பன்னிரண்டு மணி நேரம். பெம்பிள்டன் கனிவாகவும் கர்ஜித்தும் கேட்கிறார். பேலிஸ் கெஞ்சியும் மிரட்டியும் கேட்கிறார். மணி ஏற ஏற, கேட்கிறவர்களைக் கேட்கப்படுகிறவர் அளந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வாயைத் திறந்து, கறுப்பினத்தவரான பெம்பிள்டன் தம் சொந்த ஜனங்களையே கீழாக எண்ணுகிறார் என்றும், பேலிஸின் உள்ளத்தில் அவரே அறியாத இருள் ஒன்று குடியிருக்கிறது என்றும் போட்டு உடைத்துவிடுகிறார். கொலையைக் கிழவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தைமேல் தமக்கிருந்த தகாத அன்பைத்தான் ஒப்புக்கொள்கிறார். கிழவர் வெளியே போனபின், அதுவரை ஐயப்பட்ட பெம்பிள்டன் அவரே குற்றவாளி என்று நிச்சயத்துக்கு வர, அதுவரை நிச்சயமாக இருந்த பேலிஸ் ஐயத்தில் ஆழ்கிறார். கிழவராக நடித்த மோசஸ் கன் அவ்வாண்டின் இறுதியிலேயே காலமானார். விசாரணைக் காட்சி என்றால் முடிவில் உண்மை வெளிப்பட்டே தீர வேண்டும் என்ற பழைய ஒப்பந்தத்தை இந்த அத்தியாயம் கிழித்தெறிந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே, பின்வந்த நல்ல தொடர்கள் யாவும் இதற்குக் கடன்பட்டவை.

இங்கிலாந்தின் நிலைமை சற்று வேறு. 1984-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தை அடுத்து அங்கே விசாரணையை ஒலிப்பதிவு செய்வது கட்டாயமாகிவிட்டபடியால், மூன்றாம் செவி மேஜைமேல் பிரத்யட்சமாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. 1991-ல் ஹெலன் மிரன் நடித்த 'பிரைம் சஸ்பெக்ட்' முதல், ஜெட் மெர்குரியோவின் 'லைன் ஆஃப் டியூட்டி' வரை, அந்நாட்டுத் தொடர்களின் விசாரணைக் காட்சிகளில் ஒரு சடங்கின் ஒழுங்கு உண்டு. கருவி முடுக்கப்பட்டவுடன் எழும் நீண்ட கீச்சொலி அடங்கும் வரை எல்லாரும் மௌனமாகக் காத்திருப்பதும், பிறகு தத்தம் பெயரையும் பதவியையும் சொல்லிக்கொள்வதும் நாடகத்துக்கு எவ்வளவு உதவுகின்றன என்பதைப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவோடு விட்டுவிட்டு நம் முக்கிய சாட்சியிடம் வருகிறேன்.

'தி வயர்' 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை ஐந்து பருவங்களாக அறுபது அத்தியாயங்கள் ஒளிபரப்பாயிற்று. சைமனோடு சேர்ந்து அதை உருவாக்கிய எட் பர்ன்ஸ், பால்டிமோர் போலீஸில் இருபதாண்டு பணியாற்றியவர். பின்னர் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். 1980-களில் மெல்வின் வில்லியம்ஸ் என்ற பெரிய போதைமருந்து வியாபாரியைக் கம்பி ஒட்டுக்கேட்பின் மூலம் பிடித்த விசாரணையில் பங்குகொண்டவர் பர்ன்ஸ். அந்த வியாபாரியைப் பற்றிப் பத்திரிகையில் தொடர் கட்டுரை எழுதியவர் சைமன். அதே வில்லியம்ஸ் தண்டனைக்காலம் கழித்து வந்தபின், இந்தத் தொடரில் ஒரு தேவாலயத்து டீக்கனாக நடித்தார் என்பது கற்பனை செய்யத் துணியாத உண்மை. பிடித்தவரும் எழுதியவரும் பிடிபட்டவரும் ஒரே பந்தலின்கீழ் கூடிய இடத்தில் பேச்சு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஒட்டுக்கேட்பின் சட்ட நுணுக்கங்களைச் சிறிது அறிந்தால்தான் இத்தொடரின் சம்பாஷணை முறை விளங்கும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேறு வழிகள் பயன்படா என்று நீதிபதிக்குக் காட்டிய பிறகே கம்பியைத் தொட அனுமதி கிடைக்கும். அப்போதும் குற்றத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சென்று கண்டால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். அதனால் தொடரில் பொதுத் தொலைபேசியருகே சந்தேகத்துக்குரிய ஆள் நிற்பதைக் கண்ணால் கண்டு சொல்லுவதற்கென்றே ஒரு போலீஸ்காரர் எதிர்மாடிக் கூரையில் வெயிலில் காய்கிறார். வியாபாரிகளோ பேஜர் கருவியில் வரும் எண்ணை அப்படியே நம்புவதில்லை. தொலைபேசிப் பொத்தான்களின் நடுவிலுள்ள 5-ஐத் தாண்டி எதிர்ப்புறத்து எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், 5-க்குச் சுன்னமும் சுன்னத்துக்கு 5-உம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய சங்கேதம். பள்ளிப்படிப்பை முடிக்காத பையனும் கையாளக்கூடிய அந்த எளிய சூத்திரத்தைக் கண்டுபிடிக்கப் போலீஸ் படாதபாடு படுகிறது. பெயர் சொல்லக் கூடாது, இடம் சொல்லக் கூடாது, தொலைபேசியில் காரியமே பேசக் கூடாது என்று விதித்துக்கொண்ட மனிதர்கள் நேரில் சந்திக்கும்போதும் அந்தப் பழக்கம் நாவைவிட்டுப் போவதில்லை. ஆகவே அவர்கள் எப்போதும் வேறொன்றைப் பற்றியே பேசுகிறார்கள்.

முதற்பருவத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் சதுரங்கக் காட்சி இதற்கு உத்தம உதாரணம். அடுக்குக் குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள முற்றத்தில், வெளியே இழுத்துப்போட்ட ஓர் ஆரஞ்சு நிறச் சோபாவின் பக்கத்தில், போதைமருந்து விற்கும் பையன்களான போடியும் வாலஸும் சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு அதைவிட எளிய வேறோர் ஆட்டம் ஆடிக்கொண்டிருக்க, அங்கே வரும் டி ஏஞ்சலோ, காய்களின் பெருமை தெரியாமல் ஆடுகிறார்களே என்று பொறுக்கமாட்டாமல் கற்றுக்கொடுக்க உட்காருகிறான். ராஜா ஓரடிதான் நகர்வான், அவனுக்காக மற்றவர்கள் சண்டை போடுவார்கள் என்கிறான். ராணி எந்தப் பக்கமும் பாய்ந்து காரியத்தை முடிப்பவள் என்கிறான். இது தங்கள் கூட்டத்தின் இரண்டாம் தலைவன் ஸ்ட்ரிங்கர் பெல்லைப் போல இருக்கிறதே என்று வாலஸ் சொல்லிவிடுகிறான். சிப்பாய் மறுகோடிக்குப் போய்விட்டால் ராஜாவாகிவிடலாமா என்று போடி கேட்கிறான். ராஜா ராஜாவாகவேதான் இருப்பான், சிப்பாய்கள் சீக்கிரமே ஆட்டத்தைவிட்டுப் போய்விடுவார்கள் என்று டி ஏஞ்சலோ சொல்ல, கெட்டிக்காரச் சிப்பாயாக இருந்தால் தப்பலாம் என்கிறான் போடி. இந்தக் காட்சியை ஓர் உருவகமாக மட்டும் ரசிப்பவர்கள் பாதியைத்தான் ரசிக்கிறார்கள். கற்றுக்கொடுக்கிறவன் அந்தக் கூட்டத்தின் ராஜாவாகிய ஏவான் பார்க்ஸ்டேலின் சகோதரி மகன். கொலை வழக்கொன்றிலிருந்து தப்பிவந்து, தண்டனையாக உயர்ந்த கோபுரங்களிலிருந்து இந்த முற்றத்துக்கு இறக்கப்பட்டவன். மாமனைப் பற்றி நேரே ஒரு சொல் குறைவாகப் பேசினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை அறிந்தவன். அந்தச் செவிக்கு அஞ்சித்தான் அவன் காய்களின் பெயரால் பேசுகிறான். தான் பேசுவது தனக்கே எதிரான ராஜத்துரோகம் என்பதை அவன் முழுவதும் உணர்ந்திருக்கவில்லை என்பதில்தான் லாரி கில்லியர்டின் நடிப்பின் நயம் இருக்கிறது.

அதற்கடுத்த அத்தியாயத்தில் இதற்கு நேர்மாறான வேறொரு காட்சி. பழைய கொலை நடந்த வீட்டின் சமையலறையை மறுபடி பரிசோதிக்கத் துப்பறிவாளர்களான மக்நல்டியும் பங்க்கும் வருகிறார்கள். பிணத்தின் புகைப்படங்களைத் தரையில் பரப்புகிறார்கள். குண்டு பாய்ந்த கோணத்தை அளவு நாடாவால் அளக்கிறார்கள். நாடா சுருண்டு மக்நல்டியின் விரலைப் பதம் பார்க்கிறது. கொலையாளி ஜன்னலுக்கு வெளியே நின்று சுட்டிருக்க வேண்டும் என்று ஊகித்து, குளிர்ப்பெட்டியின் கதவிலிருந்து குண்டையும் வெளியே புல்லிலிருந்து அதன் கூட்டையும் எடுக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து நிமிஷம் நீளும் இவ்வளவு வேலைக்கும் இருவர் வாயிலிருந்தும் வருவது ஒரே ஒரு வசைச்சொல். வியப்புக்கு ஒரு ராகமும் சலிப்புக்கு ஒரு ராகமும் வெற்றிக்கு ஒரு ராகமுமாக அதையே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். கதவைத் திறந்துவிட்ட கட்டடக் காப்பாளர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்கிறார். அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. இங்கே மூன்றாம் செவி இருந்தும் பயன் இல்லை. ஆண்டுக்கணக்காக ஒன்றாக வேலை பார்த்த இருவருக்கிடையே மொழி எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. ஆபாசம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கௌரவமான பார்வையாளர்கள், அரும்பெரும் கைத்திறன் ஒன்றைக் காணும் பாக்கியத்தை இழந்தவர்களாவார்கள்.

நியாயஸ்தலக் காட்சிக்கு வருவோம். வியாபாரிகளிடமே கொள்ளையடித்து ஜீவிக்கும் ஓமர் லிட்டில், இரண்டாம் பருவத்தில், சாட்சி ஒருவரைக் கொன்றதாகப் பேர்ட் என்பவன்மேல் நடக்கும் வழக்கில் சாட்சி சொல்ல வருகிறான். கூண்டேறுவதற்கு முன்னால், குறுக்கெழுத்துப் புதிரில் கிரேக்கரின் யுத்த தேவதைக்குப் பெயர் தெரியாமல் விழிக்கும் சேவகருக்கு ஏரீஸ் என்று எடுத்துக்கொடுக்கிறான். பிறகு மாரிஸ் லெவி என்ற வக்கீல் எழுந்து, போதைமருந்தின் நாசத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்று அவனைச் சாடுகிறார். ஓமர் பதற்றமே இல்லாமல், நீரும் அப்படியே, என்னிடம் துப்பாக்கி, உம்மிடம் தோல்பெட்டி, அவ்வளவுதான் பேதம் என்ற கருத்தில் பதில் சொல்கிறான். ஜூரி சிரிக்கிறது, வக்கீல் நீதிபதியைப் பார்க்கிறார், நீதிபதியோ தோளைக் குலுக்குகிறார். மைக்கேல் கே. வில்லியம்ஸ் அந்த வாசகத்தை வெற்றி முழக்கமாகச் சொல்லாமல், ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த சங்கதியை நினைவூட்டுகிறவனைப் போலச் சொல்வதால்தான் அது தைக்கிறது. இந்தக் காட்சியைப் புகழாதார் இல்லை. ஆனால் இதன் முழு வீரியம் வழக்கு முடிந்தபின் வரும் ஒரு சிறு பேச்சில் இருக்கிறது. கொலையை உண்மையாகவே கண்ணால் பார்த்தாயா என்று மக்நல்டி மெல்லக் கேட்க, நிஜமாகவே அதைக் கேட்கிறீரா என்று ஓமர் திருப்பிக் கேட்கிறான். சாட்சியம் பொய்யாக இருக்கக்கூடும். அந்தச் சாட்சியத்தின் நடுவே வக்கீலைப் பற்றிச் சொன்ன வார்த்தைதான் அன்று அந்த மண்டபத்தில் சத்தியப்பிரமாணத்தின்மேல் ஒலித்த சந்தேகமற்ற மெய். அதே அத்தியாயத்தில், சிறைச்சாலையின் வாசகர் வட்டத்தில் டி ஏஞ்சலோ ஃபிட்ஸ்ஜெரால்டின் 'மகா காட்ஸ்பி'யைப் பற்றிப் பேசி, மனிதன் தன் கடந்தகாலத்தை உதறிவிட்டுப் புதியவனாக முடியாது என்கிறான். அவனுக்கு எதிரே ஆசிரியராக நடிப்பவர் நாவலாசிரியர் ரிச்சர்ட் பிரைஸ். இத்தொடருக்கு எழுதியவர்களுள் ஒருவர். அன்றே டி ஏஞ்சலோவைச் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறார்கள். அந்தக் கொலைக்கு உத்தரவிட்டவன் ராணியைப் போன்ற ஸ்ட்ரிங்கர்.

அந்த ஸ்ட்ரிங்கரின் முடிவுக்கு முந்திய மாடி முகப்புக் காட்சியைத்தான், தொலைக்காட்சியில் எழுதப்பட்ட சம்பாஷணைகளிலெல்லாம் தலைசிறந்தது என்று நான் மதிக்கிறேன். மூன்றாம் பருவத்தின் பதினோராம் அத்தியாயம். எழுதியவர் வாஷிங்டன் நகரத்து நாவலாசிரியர் ஜார்ஜ் பெலகேனோஸ். பால்டிமோர் துறைமுகத்தின் ஒளிகள் கீழே மினுங்க, சிறுவயது முதல் சிநேகிதர்களான ஏவானும் ஸ்ட்ரிங்கரும் மதுக்கிண்ணத்தோடு நிற்கிறார்கள். ஏவானின் ஆயுதக் கிடங்கு இருக்குமிடத்தை ஸ்ட்ரிங்கர் போலீஸிடம் சொல்லியாயிற்று. ஸ்ட்ரிங்கரைக் கொல்ல வந்திருப்பவர்களுக்கு ஏவான் இசைந்தாயிற்று. அடுத்தவன் செய்தது இருவருக்கும் தெரியாது. தான் செய்தது இருவருக்கும் தெரியும். இந்நிலையில் அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? பையனாக இருந்தபோது ஸ்ட்ரிங்கர் ஒரு கடையிலிருந்து பூப்பந்தாட்ட மட்டைகளைத் திருடிக்கொண்டு ஓடினானே, வீட்டுக்கு ஒரு முற்றங்கூட இல்லாத நமக்கு அது எதற்கு என்று சிரிக்கிறார்கள். சிரிப்புக்கிடையே, நாளை எங்கே இருப்பாய் என்று ஏவான் சாதாரணமாகக் கேட்கிறான். ஸ்ட்ரிங்கரும் சாதாரணமாகவே சொல்கிறான். அந்தக் கேள்வியும் பதிலுமே கொலை. ஆனால் காட்சியில் குரல் உயரவில்லை, இசை எழவில்லை. கதைக்குள்ளே எங்கேனும் வானொலி பாடினாலொழியப் பின்னணி இசையே கூடாது என்பது இத்தொடரின் பொதுவிரதம். அந்த விரதத்தின் பலன் இங்கே தெரிகிறது. நமக்காக என்று கிண்ணத்தை உயர்த்திக் கொள்கிறார்கள், தழுவிக்கொள்கிறார்கள்.

இங்கே கம்பியில்லை, கருவியில்லை, ஒட்டுக்கேட்பவர் யாருமில்லை. ஆனால் இருவருடைய மனத்துக்குள்ளும் மூன்றாமவன் ஒருவன் ஏறி உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொருவனும் அவனுக்கு அறிக்கை சமர்ப்பித்துக்கொண்டே நண்பனோடு பேசுகிறான். இட்ரிஸ் எல்பாவும் வுட் ஹாரிஸும் ஒருவரையொருவர் பார்க்காமல் துறைமுகத்தைப் பார்த்தே பெரும்பகுதி பேசுவதைக் கவனித்தால், எழுதியவர்மீது எவ்வளவு மதிப்பு உண்டாகிறதோ அவ்வளவு நடிகர்கள்மீதும் உண்டாகும். எல்பா லண்டன்காரர், மக்நல்டியாக நடித்த டொமினிக் வெஸ்டும் ஆங்கிலேயர் என்பதை அறியாதவர்கள், அவர்களைப் பால்டிமோர் வாசிகளென்றே நினைத்துக்கொண்டிருந்தார்களாம். எம்மி பரிசுக்கு இத்தொடர் இரண்டே தடவைதான் முன்மொழியப்பட்டது, இரண்டும் எழுத்துக்காக, ஒன்று இந்த அத்தியாயத்துக்காக. இரண்டிலும் பரிசு கிடைக்கவில்லை. பரிசளிப்போரின் ரசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மூன்றாம் செவியே இல்லாத காட்சிகளும் உண்டு என்று ஆட்சேபிக்கலாம். நான்காம் பருவத்தில், கடைக்குள் நுழையும் இளம் தலைவன் மார்லோ, காவலாளி பார்க்கப் பார்க்கவே மிட்டாய்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறுகிறான். பின்தொடர்ந்து வந்த காவலாளி, தான் குடும்பஸ்தன் என்றும், சண்டைக்கு வரவில்லை என்றும், ஆனால் தான் நிற்பதையே கவனியாததுபோல் போவது தன்னை மனிதனாக மதியாத செயலென்றும் முறையிடுகிறார். மார்லோவின் பதில் மிகச் சுருக்கம். நீ ஒருவிதமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறாய், அது மற்றொருவிதமாக இருக்கிறது என்ற அளவில் முடித்துக்கொள்கிறான். கேட்பவர் வேறு யாருமில்லை. எனவே அங்கே நாகரிகம் என்ற பாவனைக்கு அவசியமும் இல்லை. பிற்பாடு அந்தக் காவலாளி கொல்லப்படுகிறார். மூன்றாம் செவி அகன்ற இடத்தில் பேச்சு நிர்வாணமாகி, அதன்பின் பேச்சே அற்றுப்போகிறது என்பதைக் காட்டுவதால், இதுவும் என் கட்சிக்கே சாட்சியாகிறது.

அதே பருவத்தின் தொடக்கத்தில் ஸ்னூப் என்ற பெண், ஆணி அடிக்கும் கருவி வாங்கக் கடைக்கு வரும் காட்சியையும் விட்டுவிட மனம் வரவில்லை. விற்பனையாளர் தச்சுவேலையென்று எண்ணி வெடிமருந்தின் வலிமை, பின்னுதைப்பு, மின்கலத்தின் ஆயுள் எல்லாவற்றையும் சிரத்தையாக விளக்க, அவளோ துப்பாக்கி ரவையின் அளவுகளால் ஒப்பிட்டுப் புரிந்துகொண்டு பாராட்டுகிறாள். விலையைவிட மிகுதியாக 800 டாலர் ரொக்கத்தை நீட்டி, மீதியை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். இருவர் பேசுவதும் ஆங்கிலமே. இருவருடைய உலகத்துக்கும் நடுவில் கடலே கிடக்கிறது. பாழடைந்த வீடுகளுக்குள் பிணங்களை வைத்து ஆணியடிக்கத்தான் அந்தக் கருவி என்பது நமக்குப் பிறகே தெரிவதால், முதலில் சிரித்தவர்கள் இரண்டாம் முறை பார்க்கும்போது சிரிப்பதில்லை. நடித்த ஃபெலீசியா பியர்ஸன் அந்நகரத்துத் தெருவிலேயே வளர்ந்தவர்.

வேறு தொடர்களில் இத்தகைய காட்சிகள் இல்லையென்று சொல்ல முடியாது. 'பிரேக்கிங் பேட்' தொடரில், ஆபத்து என்னைத் தேடி வராது, ஆபத்தே நான்தான் என்று வால்டர் வைட் மனைவியிடம் மார்தட்டும் வசனத்தைப் பலரும் கொண்டாடுகிறார்கள். அது சந்தர்ப்பத்திலிருந்து கழற்றி எடுத்துச் சட்டையில் அச்சடித்துக்கொள்ளத் தக்க வசனம், ஆகவே இரண்டாந்தரமானது. 2013-ல் ஒளிபரப்பான 'ஆசிமாண்டியஸ்' அத்தியாயத்தில் அதே வால்டர் தொலைபேசியில் மனைவியை வாய்க்கு வந்தபடி வைது தீர்க்கும் இடமே முதல்தரம்: போலீஸார் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும், அவளைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காகவே அவ்வளவு கொடூரமாகப் பேசுகிறான், கண்ணீர் அவன் முகத்தில் வழிகிறது, குரலில் வழியவில்லை, சிறிது நேரத்தில் அவளுக்கும் அது விளங்கிவிடுகிறது. ஒவ்வொரு வசைக்கும் இரண்டு பொருள், இரண்டு விலாசம்.

'தி வயர்' ஐந்தாம் பருவம் மற்றவற்றுக்கு ஈடில்லை என்பது பொதுவான தீர்ப்பு. நானும் அதற்கு உடன்படுகிறேன். பத்திரிகை அலுவலகம் களமாகிவிட்ட அந்தப் பருவத்தில், நல்ல பத்திராதிபர்கள் தம் நல்ல கொள்கைகளை ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லிக்கொள்கிறார்கள். யாருக்கும் பயப்படாமல் முழு வாக்கியங்களில் பேசுகிறார்கள். சைமன் தம் பழைய உத்தியோகத்தின்மேல் வைத்திருந்த மனத்தாங்கல் அவர்கள் வாய்வழியாக வடிகிறது. ஆனால் அதன் முதற்காட்சி பிரமாதம்: பங்க் ஒரு பையனின் கையை நகலெடுக்கும் இயந்திரத்தின்மேல் வைத்துக் கட்டி, பொய்யைக் கண்டுபிடிக்கும் யந்திரம் என்று நம்பவைத்துக் கேள்வி கேட்கிறார்; 'உண்மை', 'பொய்' என்று முன்னமே அச்சிட்டு அடுக்கிவைத்த காகிதங்கள் ஒவ்வொன்றாக வெளியே வர, பையன் இடிந்துபோய் எல்லாவற்றையும் கக்கிவிடுகிறான். மூன்றாம் செவி இருந்தால் போதும், அது கேட்கவேண்டுமென்ற நிர்ப்பந்தங்கூட இல்லை.

பருவத்தின் பிற்பகுதியில் அந்த யுக்தி மக்நல்டியின்மீதே திரும்புகிறது. இலாகாவிலிருந்து பணம் பெயர்ப்பதற்காக இல்லாத தொடர்கொலைகாரன் ஒருவனை அவரே கற்பித்து, கருவியால் குரலை மாற்றித் தொலைபேசியிலும் பேசிவிட்டார்; மத்திய புலனாய்வு நிபுணர்கள் அதை ஆராய்ந்து, கொலைகாரனுடைய குணலட்சணங்களை அவருக்கும் உடன்வந்த கிமா கிரெக்ஸுக்கும் படித்துக்காட்டுகிறார்கள். அரசாங்க வேலையில் இருக்கலாம், மேலதிகாரிகளை மதியாதவன், மற்றவர்களைவிடத் தானே அறிவாளி என்ற எண்ணமுடையவன், நிலையான உறவுகள் அமையாதவன், மதுப்பழக்கம் உள்ளவன் என்று அவர்கள் ஒவ்வொன்றாக அடுக்க, மக்நல்டியின் முகம் கொஞ்சங்கொஞ்சமாக மாறுகிறது. ஐந்து பருவங்களாக ஊராருடைய பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டவர், தம் குரலை வேறு யாரோ கேட்டு எழுதிய குறிப்பைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எப்படி இருக்கிறது இவர்கள் கணிப்பு என்று கிமா பிறகு விசாரிக்கும்போது, ஏறக்குறையச் சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று மட்டும் பதில் சொல்கிறார்.